ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிப்பது யார்?

வீட்டுத் தரைக்கு அடியில் போகும் குழாய் ஒழுக ஆரம்பித்தால் கண்ணில் படுவது தண்ணீர் இல்லை. மோட்டார் வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாக ஓடும். கரன்ட் பில் கொஞ்சம் ஏறும். சமையலறைச் சுவரின் அடிப்பக்கம் ஓதம் காத்து, பெயின்ட் பொரிந்து உதிரும். ஏதோ ஒரு மூலையில் டைல்ஸைத் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல சத்தம் வரும். அதற்குள் வீட்டில் விசாரணை தொடங்கியிருக்கும். “யாரு பாத்ரூம் டேப்பைச் சரியா மூடாம விட்டது?” பழி முதலில் மனிதர்கள்மேல்தான் விழும். குழாய்மேல் சந்தேகம் வருவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும்.

கீழே போகும் தண்ணீர் மேலே வந்து புகார் கொடுப்பதில்லை. களிமண் பூமி என்றால் ஒருவேளை ஊறி மேலே தெரியும். கடற்கரையோர மணல் என்றால் அப்படியே இறங்கிவிடும். பக்கத்தில் பழைய சாக்கடைக் குழாய் இருந்தால் அதன் விரிசல் வழியாகச் சத்தமில்லாமல் கலந்துவிடும். சிறிய ஓட்டைதானே என்று விடவும் முடியாது. மூன்று மாடி உயரத்தில் டேங்க், அதாவது சுமார் 10 மீட்டர் உயரத்தின் அழுத்தம், கீழே குழாயில் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு ஓட்டை. கணக்குப் போட்டால் நாளைக்கு 2,000 லிட்டருக்கு மேல் போகும். நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் அதிகாரபூர்வ அளவுகோல். அப்படிப் பார்த்தால் பென்சில் முனை அளவு ஓட்டை ஒன்று 15 பேரின் தண்ணீரைக் குடிக்கிறது.

அனுபவமுள்ள ப்ளம்பர் வந்ததும் கடப்பாரையை எடுக்க மாட்டார். ராத்திரி படுக்கப் போகும்போது எல்லா டேப்பையும் மூடிவிட்டு, டேங்கில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்வார். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் அடுத்த ராத்திரி ஒரு கேட் வால்வை மட்டும் மூடிப் பார்ப்பார். பிறகு இன்னொன்று. எந்த வால்வை மூடும்போது மட்டம் இறங்குவது நிற்கிறதோ, அந்த லைனில்தான் ஒழுகல். இரண்டு மூன்று ராத்திரிகளில் தரையை உடைக்க வேண்டிய இடம் ஒரு அறைக்குள் சுருங்கிவிடும்.

இவ்வளவு எளிய இந்தத் தந்திரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு நகரத்தின் அளவில் நடந்தபோது வேறு ஒன்றும் நடந்தது. தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாகப் பழி சுமந்த ஒரு கூட்டத்தின்மேல் இருந்த குற்றச்சாட்டு ஆட்டம் கண்டது. அதே குற்றச்சாட்டு நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருப்பதால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாம்பலும் ஈயமும்

ஒழுகலை முன்கூட்டியே தடுப்பது எப்படி என்ற கேள்விக்கு நமக்குக் கிடைக்கும் பழைய பதில்களில் ஒன்று, கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் எழுதியது. கட்டடக் கலை பற்றிய அவருடைய நூலின் எட்டாவது பகுதி முழுக்கத் தண்ணீர்தான். சுட்ட மண் குழாய்களின் இணைப்புகளில் எண்ணெய் விட்டுப் பிசைந்த சுண்ணாம்பைப் பூசச் சொல்கிறார். முதன்முதலில் தண்ணீர் விடும்போது மெதுவாக விட வேண்டும், தலைமடையிலேயே சாம்பலைக் கொட்ட வேண்டும் என்கிறார். பூச்சு சரியாகப் பிடிக்காத இடுக்குகளைச் சாம்பல் தேடிப்போய் அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கொட்டும் நம் லாரி டிரைவர்களுக்கு இந்தத் தர்க்கம் உடனே புரியும். ஒழுகல் எங்கே இருக்கிறது என்று நாம் தேட வேண்டாம், ஒழுகும் தண்ணீரே மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஈயக் குழாயைவிட மண் குழாயே மேல் என்பது அவர் கட்சி. ஈயத்தில் வேலை செய்பவர்களின் வெளிறிய உடம்பைப் பாருங்கள் என்கிறார். மண் குழாயில் ஏதாவது கோளாறு வந்தால் யார் வேண்டுமானாலும் சரிசெய்துவிடலாம் என்பது அவர் சொல்லும் இன்னொரு காரணம். ரோம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வசதியான வீடுகளுக்குள் போனது ஈயக் குழாய்தான்.

பொது ஆண்டு 97இல் பேரரசர் நெர்வா, ஃப்ரான்டினஸ் என்பவரை ரோம் நகரின் நீர்ப் பொறுப்பாளராக நியமித்தார். ஏற்கெனவே பிரிட்டனின் ஆளுநராக இருந்தவர். வயதான காலத்தில் வந்த பதவி. அவருக்குக் கீழே அரசின் 240 அடிமைகள், பேரரசரின் 460 அடிமைகள் என்று 700 பேர். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பதிவேடுகளை வாங்கிப் பார்த்தது. நகரத்துக்கு மொத்தம் வந்ததாகப் பதிவேட்டில் இருந்தது 12,755 குயினாரியா. குயினாரியா என்பது அந்தக் காலத்துக் குழாய் அளவு. நகரம் முழுக்கப் பிரித்துக் கொடுத்ததாக இருந்தது 14,018 குயினாரியா. வரவைவிடச் செலவு 1,263 அதிகம்!

மனிதர் அதிர்ந்துபோய் ஒவ்வொரு கால்வாயின் தலைமடைக்கும் போய் அளந்தார். உண்மையில் வருவது பதிவேட்டில் இருப்பதைவிட மிக அதிகம் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியென்றால் நடுவில் தண்ணீர் எங்கே போகிறது? திருட்டு என்பது அவர் முடிவு. அதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். நகரத்தின் தளக்கற்களுக்கு அடியில், தெரு தெருவாகக் கள்ளக் குழாய்கள் ஓடின. பணம் வாங்கிக்கொண்டு பொதுக் குழாயில் துளைபோட்டுக் கொடுப்பதற்கென்றே ஆள் இருந்தான். அந்தக் கிளைகளைத் தோண்டி எடுத்தபோது கிடைத்த ஈயத்தின் அளவே திருட்டின் அளவைச் சொன்னது என்று எழுதுகிறார்.

ஆனால் அவர் அளந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்று மட்டுமே அளந்தார். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் கணக்கில் சேர்க்க அவரிடம் கருவி இல்லை. வேகம் அளவை மாற்றும் என்று அவருக்குத் தெரியும், அதைப் பற்றி எழுதவும் செய்கிறார். ஆனாலும் காணாமல்போன தண்ணீரில் திருட்டு எவ்வளவு, ஒழுகல் எவ்வளவு, அளவுப் பிழை எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை. பிரிக்க முடியாத இடத்தில் மனிதர்கள்மேல் பழி போடுவதுதான் எளிது.

ஒழுகும் தண்ணீருக்கும் ரோமில் ஒரு சட்டம் இருந்தது என்பது எனக்குப் பிடித்த தகவல். தொட்டிகளில் வழிவதும் குழாய்களில் கசிவதும் தனி வகைத் தண்ணீர். அதைப் பிடித்துக்கொள்ளப் பேரரசரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி லேசில் கிடைக்காது. நகரம் சுத்தமாக இருக்கவும் சாக்கடைகள் அலசப்படவும் கொஞ்சம் தண்ணீர் வழிந்தாக வேண்டும் என்பது அரசின் எண்ணம். ரோமில் தண்ணீர் இரவும் பகலும் ஓடியது. அதனால் ஒழுகலையும் நகரத்தின் வேலைக்காரனாகப் பார்க்க முடிந்தது.

மணிக்கணக்கில் தண்ணீர்

தண்ணீரை நேரம் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பார்க்க, 1,500 ஆண்டுகளுக்கு மேல் தாண்டி இங்கிலாந்துக்கு வர வேண்டும். லண்டனுக்கு வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ‘புதிய ஆறு’ 1613இல் திறக்கப்பட்டது. அது வந்து சேர்ந்ததும் தெருவுக்கு அடியில் ஓடியது எல்ம் மரத்தின் தண்டைக் குடைந்து செய்த குழாய்களில். மரக் குழாய் அழுத்தம் தாங்காது. இணைப்புக்கு இணைப்பு ஒழுகும். நாள் முழுக்க அழுத்தத்தில் வைத்திருந்தால் ஏரியே தெருவுக்கு அடியில் போய்விடும். ஆகவே வாரத்தில் சில நாள், நாளில் சில மணி நேரம் தண்ணீர். வசதியான வீட்டில் தொட்டி கட்டிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஏழைகள் தெருக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றார்கள்.

1785இல் செல்சி நீர் நிறுவனத்தின் பொறியாளர் தாமஸ் சிம்ப்சன், ஒரு குழாயின் முனை அடுத்த குழாயின் அகன்ற வாய்க்குள் நுழைந்து உட்காரும் வார்ப்பிரும்பு இணைப்பைக் கொண்டுவந்தார். இன்று ப்ளம்பர்கள் ‘சாக்கெட்’ என்று சொல்வதன் பாட்டன் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் போய் இரும்பு வந்தது. இப்போது 24 மணி நேரமும் கொடுக்கலாம் இல்லையா? நிறுவனங்கள் மாட்டேன் என்றன. முன்பு மரத்தின்மேல் சொன்ன காரணத்தை இப்போது மக்கள்மேல் சொன்னார்கள். ஏழைகள் வீட்டில் எந்நேரமும் தண்ணீர் வந்தால் டேப்பைத் திறந்தே போடுவார்கள், பித்தளை டேப்பைத் திருடி விற்பார்கள், அவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியாது.

1831இல் நாட்டிங்ஹாம் நகரில் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற இளம் பொறியாளர் ட்ரென்ட் ஆற்றிலிருந்து எடுத்த தண்ணீரை 24 மணி நேரமும் அழுத்தத்தோடு கொடுத்துக் காட்டினார். பத்து வருஷத்துக்கும் மேலாக அதை நடத்திவிட்டு, 1844இல் நகர சுகாதாரம் பற்றிய அரசு ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். நகரம் ஒன்றும் மூழ்கவில்லை. 1852இல் வந்த லண்டன் நீர்ச் சட்டம் 24 மணி நேர விநியோகம் பற்றிப் பேசியது. ஆனால் அதற்கான நிபந்தனைகள் அதைப் பெரும்பாலும் காகிதத்திலேயே வைத்திருந்தன. குற்றச்சாட்டுக்கு எதிராக ஒரு ஊரின் உதாரணம் இருந்தது. ஆதாரம் இல்லை. குழாய்க்குள் போன தண்ணீரில் மனிதர்கள் பயன்படுத்தியது எவ்வளவு, மண் குடித்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியவில்லை.

லிவர்பூலின் தட்டையான கோடு

பிரித்துக் காட்டியவர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் டீக்கன். 1843இல் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ராங்கினிடமும் பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனிடமும் படித்தார். 1865இல் அட்லான்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பல் புறப்பட்டபோது அதில் இருந்தார். 1871இல் லிவர்பூல் நகரப் பொறியாளர் ஆனபோது வயது 28.

லிவர்பூல் அப்போது பிரிட்டனின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 1847இல், அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பிய லட்சக்கணக்கானவர்கள் வந்து இறங்கிய அதே வருஷம், நாட்டிலேயே முதன்முறையாக ஒரு நகர சுகாதார அதிகாரியை நியமித்த ஊர். அதே ஆண்டில் சட்டம் இயற்றித் தனியார் நீர் நிறுவனங்களையும் நகராட்சி வாங்கிப்போட்டது. ஏழைகள் நிலவறைகளிலும், ஒரு முற்றத்தைச் சுற்றி நெருக்கிக் கட்டிய வீடுகளிலும் வாழ்ந்தார்கள். முற்றத்துக்கு ஒரு குழாய். 1850களில் ஹாக்ஸ்லியின் திட்டப்படி ரிவிங்டன் நீர்த்தேக்கங்களிலிருந்து தண்ணீர் வந்தது. அதுவும் போதவில்லை. டீக்கன் வந்தபோது நகரத்தில் தண்ணீர் நாளில் சில மணி நேரம்தான். புதிய ஏரி வேண்டும் என்றார்கள். கூடவே பழைய குற்றச்சாட்டும் இருந்தது. ஜனங்கள் வீணடிக்கிறார்கள்.

1873இல் டீக்கன் ஒரு கருவி செய்தார். உள்ளே கீழ்நோக்கி அகன்று போகும் கூம்பு வடிவக் குழாய். அதற்குள் மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு வட்டத் தகடு. மேலே அதற்குச் சமமாக ஒரு எடைக்கல். மேலிருந்து தண்ணீர் பாய்ந்தால் தகடு கீழே தள்ளப்படும். ஓட்டம் கூடினால் இன்னும் கீழே போகும், ஓட்டம் நின்றால் மேலே வந்துவிடும். அந்தக் கம்பியில் ஒரு பென்சில். பென்சிலுக்கு எதிரே கடிகார இயக்கத்தில் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் உருளையில் காகிதம். அவ்வளவுதான். சில தெருக்கள் சேர்ந்த ஒரு பகுதிக்குள் போகும் பிரதானக் குழாயில் இதை மாட்டிவிட்டால், அந்தப் பகுதி ஒரு நாள் முழுக்க எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதை அதுவே வரைந்து கொடுத்துவிடும்.

காகிதத்தில் இரண்டு வகைக் கோடுகள் விழுந்தன. பகலில் மேலும் கீழும் குதிக்கும் கோடு. யாரோ வாளி பிடிக்கிறார்கள், யாரோ துணி அலசுகிறார்கள், யாரோ டேப்பை மூடுகிறார்கள். மனிதர்கள் பயன்படுத்தும் தண்ணீர் அப்படித்தான் இருக்கும், விட்டு விட்டு. ராத்திரி ஆக ஆகக் குதியாட்டம் அடங்கும். ஒரு மணி, இரண்டு மணிக்கு ஊரே தூங்கும்போது கோடு பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லை. பூஜ்யத்திலிருந்து வெகு தூரத்தில் தட்டையாக, ஆடாமல் அசையாமல், விடியும்வரை ஓடியது. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு தெரு முழுக்க விழித்திருந்து ஒரே வேகத்தில் தண்ணீர் பிடிக்க முடியாது. அது ஒழுகல்.

அடுத்த கட்டம்தான் நம் ப்ளம்பர் செய்வது. வீட்டுக்குப் போகும் கிளைக் குழாயில் நடைபாதை ஓரம் ஒரு மூடுவால்வு இருக்கும். ராத்திரியில் ஊழியர்கள் தெருவில் இறங்கி, வால்வு திருகும் நீண்ட இரும்புச் சாவியை அதன்மேல் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒழுகும் குழாய் சீறும். இரும்பு அந்தச் சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவரும். சத்தம் கேட்ட வால்வை மூடி, நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். காலையில் உருளையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தால், எந்த நிமிஷத்தில் கோடு படி இறங்கியதோ அந்த நிமிஷத்தில் மூடிய வால்வு எது என்று குறிப்பேட்டில் இருக்கும். எந்த வீட்டுக்குப் போகும் குழாய், எவ்வளவு ஒழுகுகிறது என்று இரண்டுக்கும் ஒரே ராத்திரியில் விடை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான முகம். ஆயிரம் மாற்றங்களில் எது கோளாறு செய்தது என்று தெரியாதபோது, பாதியை மூடிப் பார், மீதியில் பாதியை மூடிப் பார் என்று சுருக்கிக்கொண்டே போவோம். ‘கிட் பைசெக்ட்’ என்று ஒரு கட்டளையே இருக்கிறது. அதற்கு நிபந்தனை, சோதிக்கும் நேரத்தில் வேறு எதுவும் ஆடக் கூடாது. டீக்கனுக்கு அந்த அசையாத நேரத்தைக் கொடுத்தது தூங்கும் ஊர்.

குழாய்களைப் பழுதுபார்க்கப் பார்க்க, சில ஆண்டுகளில் லிவர்பூல் புதிய ஏரி இல்லாமலேயே 24 மணி நேர விநியோகத்துக்குத் திரும்பியது. எந்நேரமும் தண்ணீர் கொடுத்தால் ஜனங்கள் ஊரைக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற வாதத்துக்கு அந்தக் காகிதச் சுருள்கள் பதில் சொல்லின.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ராத்திரியில் வீட்டு வாசலில் நகராட்சியின் காது. பகலில் டேப்பைப் பார்க்க வீட்டுக்குள் வரும் ஆய்வாளர். ஒழுகும் டேப்பை மாற்றச் சொல்லும் உத்தரவு. கண்காணிப்பு ஏழைத் தெருக்களில்தான் கூடுதல் கனமாக விழும். ஆனாலும் முன்பு நிலைமை வேறு. ‘இந்த ஜனங்கள்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொன்ன இடத்தில், இனி ‘இந்த வால்வு, இந்த இணைப்பு’ என்று சொல்ல வேண்டியிருந்தது. குற்றச்சாட்டு மனிதர்களிடமிருந்து பொருளுக்கு நகர்ந்தது. பொருளைச் சரிசெய்துவிடலாம்.

ஒழுகலை அடைத்தது அவகாசம்தான் வாங்கிக் கொடுத்தது. ஊர் வளர்ந்துகொண்டே போனது. 1880இல் சட்டம் நிறைவேற்றி, வேல்ஸின் வெர்ன்வி பள்ளத்தாக்கில் லிவர்பூல் அணை கட்டியது. ஹாக்ஸ்லியும் டீக்கனும்தான் பொறியாளர்கள். பிரிட்டனின் முதல் பெரிய கல் அணைகளில் ஒன்று. லான்வுதின் என்ற கிராமம், தேவாலயமும் வீடுகளுமாக, நீருக்குள் போனது. ஒரு நகரத்தின் தரைக்கு அடியில் ஒழுகுவதற்கும் தொலைவில் ஒரு கிராமம் மூழ்குவதற்கும் இடையே உள்ள கணக்கு டீக்கனைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்று இருந்திருக்க முடியாது.

காலிக் குழாயின் உறிஞ்சல்

நேரம் வைத்துக் கொடுக்கும் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் வழி. குழாயில் அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் விழுந்ததும் வெளியே இருப்பது உள்ளே வரும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகிக்கொண்டே போகும்போது லேசான உறிஞ்சல் ஏற்படும். வெளியே தேங்கியிருக்கும் சேறு, சாக்கடைக் கசிவு எல்லாம் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே நுழையும். மறுநாள் தண்ணீர் விட்டதும் முதலில் வருவது அதுதான். காலையில் டேப் திறந்ததும் வரும் கலங்கலைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடிக்கும் நம் அம்மாக்களுக்கு இந்த இயற்பியல் கைப்பழக்கத்திலேயே தெரியும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். கோட்டைக்குத் தண்ணீர் தர 1772இல் ஏழு கிணறு திட்டம். ஊருக்கு 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர், வடிகட்டாமல், வார்ப்பிரும்புக் குழாயில். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் பம்புகளும். 1940களில் பூண்டி. பிறகு கிருஷ்ணா, வீராணம், கடல்நீர்ச் சுத்திகரிப்பு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புது விடை சேர்த்தது. விநியோகம் மட்டும், பெரும்பாலான இந்திய நகரங்களில் போலவே, மணிக்கணக்கிலேயே நின்றது.

மணிக்கணக்கில் வந்தால் பிடித்து வைக்க வேண்டும். ஆக ஒவ்வொரு வீடும் ஒரு சம்ப் தோண்டியது. போதாதவர்கள் லைனிலேயே மோட்டார் வைத்து இழுத்தார்கள். ஒரு வீடு இழுத்தால் தெருவின் அழுத்தம் விழும், அடுத்த வீட்டு ஓட்டை சாக்கடையைக் குடிக்கும். இப்போது டீக்கனின் கருவியை அந்தத் தெருவின் பிரதானக் குழாயில் மாட்டிப் பாருங்கள். தண்ணீர் வரும் இரண்டு மணி நேரமும் எல்லா சம்ப்பும் வாய் திறந்திருக்கும். காகிதத்தில் ஒரே உயரத்தில் ஒரு கோடு விழும். அதில் சம்ப்புக்குப் போனது எவ்வளவு, மண்ணுக்குப் போனது எவ்வளவு என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேட்கவே வழியில்லை. அப்போது குழாயில் தண்ணீரே இல்லை.

ஒழுகலால் தண்ணீர் பற்றவில்லை. பற்றாததால் நேரம் வைக்கிறோம். நேரம் வைப்பதால் ஒழுகலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தினமும் அழுத்தம் ஏறி இறங்குவதில் இணைப்புகள் இன்னும் தளர்கின்றன. இந்தச் சுற்றுக்குள் நிற்கும்போது, பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனின் வாக்கியம் அப்படியே தமிழில் கேட்கிறது. “இருபத்திநாலு மணி நேரமும் விட்டா நம்ம ஜனங்க திறந்துபோட்டுட்டுப் போயிடுவாங்க சார்.” ரோமில் ஃப்ரான்டினஸிடம் இருந்த அதே நிலை. அளக்க முடியாத இடத்தில் ஆளைக் காட்டுவது.

கர்நாடகத்தில் 2008 வாக்கில் ஹூப்ளி-தார்வாட் நகரத்தின் சுமார் பத்தில் ஒரு பங்குக்கு, பழைய குழாய்களை மாற்றி 24 மணி நேர விநியோகம் கொண்டுவந்தார்கள். மீதி ஊருக்குச் சில நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். எமிலி கம்பெல், காரா நெல்சன் இருவரும் இரண்டு பகுதி டேப் தண்ணீரையும் ஒப்பிட்டார்கள். விட்டு விட்டு வரும் பகுதியில் மலக் கிருமிகள் மிக அதிகமாகத் தென்பட்டன. தண்ணீர் விட்ட முதல் நிமிஷங்களிலும் மழைக்காலத்திலும் நிலைமை மேலும் மோசம். பின்னால் வந்த இன்னொரு ஆய்வு இந்த உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஒட்டுமொத்தமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வருமானம் குறைந்த வீடுகளில் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு குறைவாக இருந்தது. பலன் சேர்ந்த இடம் அது. லண்டன் நிறுவனங்கள் யாருக்குக் கொடுத்தால் வீண் என்றனவோ, அவர்களுக்கு.

இதையெல்லாம் வைத்து, 24 மணி நேர விநியோகம் என்றாலே நல்லது என்று முடித்துவிட முடியாது. கோயம்புத்தூரில் 2018இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது எழுந்த கேள்விகள் நியாயமானவை. மீட்டர் வந்தால் பில் எவ்வளவு வரும், பொதுக் குழாய் என்ன ஆகும், யாருக்கு யார் பதில் சொல்வது? லிவர்பூல் கதையில் டீக்கன் நகராட்சி ஊழியர் என்பதை மறக்கக் கூடாது. கருவி யார் கையில் இருக்கிறது என்பது, கருவி என்ன சொல்கிறது என்பதைவிடக் குறைந்த விஷயமில்லை.

கடைசிப் பத்து மீட்டர்

டீக்கனின் சாவிக்குப் பின் கருவிகள் வளர்ந்தன. 1970களில் பிரிட்டனில் உருவான ஒரு முறையில், குழாயின் இரண்டு இடங்களில் ஒலி உணரிகளை ஒட்டுவார்கள். ஒழுகலின் சத்தம் இரண்டுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து ஓட்டை எங்கே என்று கணக்குப் போடுவார்கள். இரும்பில் நன்றாக வேலை செய்யும். பிவிசி சத்தத்தைச் சீக்கிரம் விழுங்கிவிடும். நம் வீடுகளுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பிவிசி. துருப் பிடிக்காத குழாய் வாங்கினோம், அது கூடவே ஊமையாகவும் வந்தது.

நம் ஊர் வீட்டை டீக்கன் கண்ணோடு பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சம்ப் ஏரி, மோட்டார் நீரேற்று நிலையம், மாடி டேங்க் நீர்த்தேக்கம். நகரத்தால் செய்ய முடியாததை ஒவ்வொரு வீடும் தனக்குத் தானே, கரன்ட் பில் கட்டிச் செய்துகொண்டிருக்கிறது. டேங்கிலிருந்து டேப்புக்கு வரும் குழாயில்தான் 24 மணி நேரமும் அழுத்தம். அதனால்தான் ப்ளம்பரின் கோடு அங்கே வேலை செய்கிறது. சம்ப்பிலும் அதே சோதனை செய்யலாம். நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, கோடு போட்டு, காலையில் பார்க்கலாம்.

எந்தக் கோடும் போட முடியாத இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தெருவின் பிரதானக் குழாயில் வீட்டு இணைப்பு எடுக்கும் ‘ஃபெரூல்’ தொடங்கி, ரோட்டையும் சாக்கடையையும் கடந்து, வாசல்படிக்கு அடியில் நுழைந்து சம்ப்பில் வந்து விழும் அந்தப் பத்து மீட்டர். அதில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம். வரும்போது நாம் சம்ப் நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். வராதபோது சத்தமே இல்லை. தோண்டினால் வீட்டுக்காரர் செலவு, தோண்டுவதற்கு ரோட்டுக்காரர் அனுமதி. இங்கிலாந்தில் நிலத்தின் எல்லை வரைக்கும் நிறுவனத்தின் குழாய், எல்லைக்கு உள்ளே வீட்டுக்காரரின் குழாய் என்று பிரித்து, நடுவில் ஒரு வால்வும் வைத்திருக்கிறார்கள். டீக்கனின் ஆட்கள் காது வைத்தது அந்த மாதிரி வால்வில்தான். நம் வாசல்களில் பெரும்பாலும் காது வைக்க ஒரு இடமே கிடையாது.

பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தண்ணீர் சென்னைக்கு வருகிறது. கடலூர் மாவட்டத்தில் வாய்க்காலை நம்பி நாற்று விட்டவர்கள் இருக்கிற ஏரி அது. அந்தத் தண்ணீர் எந்த வீட்டு வாசல்படிக்கு அடியில் மண்ணுக்குள் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். வாசலில் ஒரு வால்வு, தெரு முனையில் ஒரு மீட்டர், பகுதி பகுதியாக வாரத்தில் ஒரு ராத்திரியாவது குழாயில் முழு அழுத்தம், அன்று எல்லா சம்ப்பும் மூடியிருக்கத் தெருக்காரர்களோடு ஒரு பேச்சு. 1873இல் பென்சிலும் கடிகாரமும் வைத்துச் செய்த வேலை. அதைச் செய்து பார்க்காதவரை, ஜனங்கள் வீணடிக்கிறார்கள் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.